விழாத பந்துக்குக் கோடு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதம் ஒன்றுக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்டுவதென்றால் என்னைப் பற்றி எழுதிய பகுதியை வெட்டுங்கள். கணக்கை வெட்டாதீர்கள்.

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்தாட்ட அணி வெளிமாவட்ட அணியொன்றிடம் 59க்கு 45 என்று தோற்றது. இடைவேளையில் 28க்கு 19 என்று நாங்கள்தான் முன்னுக்கு நின்றோம். கல்லூரியின் பெயரை நான் போடவில்லை. அன்று திடலைச் சுற்றி நின்றவர்களுக்குத் தெரியும், நிற்காதவர்களுக்குத் தேவையில்லை. கடிதம் எழுதிய அன்பர் தோல்விக்கு மூன்று காரணம் சொல்லியிருந்தார். பெடியளுக்கு உயரம் காணாது. மூச்சுக் காணாது. கூரை போட்ட திடல் இல்லை. முப்பது வருடமாக இதே மூன்றையும் கேட்கிறேன். கிரிக்கெட்டில் தோற்றால் பிட்ச், உதைபந்தில் தோற்றால் நடுவர், கூடைப்பந்தில் தோற்றால் உயரம். தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அந்த ஆட்டம் முழுவதும் ஒரு சீ.ஆர். கொப்பியில் என் கையெழுத்தில் கிடக்கிறது. அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். உயரம் ஐந்தடி நாலு அங்குலம். பள்ளிக்கூட நாளில் மூன்று முறை கூடைப்பந்து ரீமுக்குப் பெயர் கொடுத்தேன். மூன்று முறையும் மாஸ்டர் என்னைப் புள்ளி எழுதும் மேசைக்குத்தான் அனுப்பினார். அப்போது கோபம் வந்தது. பிறகு அந்த மேசையே பழகிவிட்டது. எண்பதுகளில் மட்டக்களப்புக்கு மாற்றலாகிப் போன இடத்தில்தான் அந்த வேலையை ஒழுங்காகப் படித்தேன். அந்த ஊரில் கூடைப்பந்து என்றால் புனித மிக்கேல் கல்லூரி. புனித மிக்கேல் என்றால் யூஜின் ஹேபியர் அடிகளார். அமெரிக்காவிலிருந்து வந்த யேசுசபைத் துறவி, பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவருடைய பெயரை எழுதாமல் இந்த விளையாட்டைப் பற்றி எழுத என் கை வராது, அதனால் எழுதினேன்.

சரி, புள்ளித்தாளுக்கு வருகிறேன். மேசையில் இருந்து பார்க்காதவர்களுக்கு அது என்னவென்று சொல்லவேண்டும். ஒரு பக்கத்தில் 1 முதல் 160 வரை இலக்கங்கள் நிரல் நிரலாக அச்சிட்டிருக்கும். இரண்டு புள்ளி விழுந்தால் அந்த அணியின் புதிய கூட்டுத்தொகைக்கு மேலே ஒரு சாய்கோடு. பக்கத்தில் போட்டவனின் சட்டை இலக்கம். மூன்று புள்ளியென்றால் அந்தச் சட்டை இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம். ப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் பிழைக்காகக் கிடைக்கும் மறிப்பில்லாத எறி, விழுந்தால் கறுப்புப் பொட்டு. ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்தும் ரைம் அவுட் எடுத்தால் பெட்டிக்குள் அது எடுத்த நிமிடம். எடுக்காமல் விட்ட ரைம் அவுட்டுக்குக்கூட அந்தப் பெட்டியில் இரண்டு கிடைக்கோடு போடவேண்டும். ஆனால் எறிந்து விழாமல் போன பந்துக்கு அந்தத் தாளில் ஓர் இடமும் கிடையாது. கையிலிருந்து பறிபோன பந்துக்கும் கிடையாது.

ஆட்டம் முடிந்தபின் நாலு பேர் மேசைக்கு வந்து தாளை எட்டிப் பார்ப்பார்கள். “பார், ஐந்து த்ரீ போட்டிருக்கிறான்கள்” என்பார்கள். ஐந்து வட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஐந்துக்காக எத்தனை எறிந்தார்கள் என்பதைத் தாள் சொல்லாது. அதற்காகத்தான் நான் தனிக் கொப்பி வைத்திருக்கிறேன். விழாததற்கு ஒரு புள்ளடி, பறிபோனதற்கு ஒரு முக்கோணம். இப்போது கண் பார்வை குறைந்து மேசை வேலையை விட்டுவிட்டாலும், திடலின் ஓரத்தில் பிளாஸ்ரிக் கதிரை போட்டுக்கொண்டு கொப்பியை எழுதுவேன். மனிசி இதற்கு ‘கணக்கு வருத்தம்’ என்று பெயர் வைத்திருக்கிறாள்.

கொப்பி சொல்வது இது. முதற் பாதியில் எங்கள் பெடியள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 6 த்ரீ எறிந்தார்கள், 3 விழுந்தது. கோட்டுக்கு உள்ளே 12 எறிந்தார்கள், 7 விழுந்தது. ப்ரீ த்ரோ 5. கூட்டினால் 28. இரண்டாம் பாதியில் த்ரீ எறிந்தது 17, விழுந்தது 2. உள்ளே 10க்கு 4. ப்ரீ த்ரோ 3. கூட்டினால் 17. உயரம் இடைவேளையில் குறைந்துவிடாது. கூரை இரண்டு பாதியிலும் இருக்கவில்லை, அதுவும் இரண்டு அணிக்கும் இருக்கவில்லை. மூச்சு என்கிறீர்களா? பெடியள் சரிந்தது மூன்றாம் பகுதியின் முதல் நாலு நிமிடத்தில். பதினைந்து நிமிடம் நிழலில் இருந்து, தோடம்பழம் சப்பி, சோடா குடித்துவிட்டு எழும்பி வந்த பிள்ளைகளுக்கு நாலு நிமிடத்தில் எந்த மூச்சு முடியும்?

அந்த நாலு நிமிடத்தில் என்ன நடந்தது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

இடைவேளைக்குப் பிறகு அவர்கள் முதற் கூடையைப் போட்டார்கள். போட்டுவிட்டு வழக்கம்போலத் தங்கள் பக்கம் திரும்பி ஓடவில்லை. எங்கள் பாதியிலேயே நின்றுகொண்டார்கள். முன்னுக்கு இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் இரண்டு பேர், கடைசியில் ஒருவன் காவல். பெடியள் இதைப் ‘ஃபுல் கோர்ட்’ என்பார்கள், ‘பிரஸ்’ என்றும் சொல்வார்கள். எங்கள் 5ஆம் இலக்கம் பந்தை எடுத்துக்கொண்டு எல்லைக் கோட்டுக்கு வெளியே போனான். போனவன் வளையத்துக்கு நேர் பின்னால், வளையம் மாட்டிய பலகையான ‘போட்’டின் அடியில் போய் நின்றான். அங்கே நின்றால் தலைக்கு மேலே போட் மறிக்கும், உயர்த்தி ஒரு பந்தும் போட முடியாது. முன்னுக்கு ஒருவன் கையை விரித்துக்கொண்டு குதிக்கிறான். 5ஆம் இலக்கத்தின் கால் இரண்டும் சீமெந்தில் ஒட்டிவிட்டதுபோல் நிற்கிறது. ஐந்து செக்கனுக்குள் பந்தை உள்ளே போடவேண்டும். நாலாவது செக்கனில், யாரையும் பாராமல், பக்கத்து மூலைக்கு எறிந்தான்.

இந்த இடத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. அதை அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது அவனுடைய காலைப் பார்த்தாலே தெரிந்தது. எதிரணி கூடை போட்டபிறகு பந்தை உள்ளே போடுபவன் அந்தக் கோடு நெடுக ஓடலாம். திடலின் அகலம் 15 மீற்றர். அவ்வளவும் அவனுக்குச் சொந்தம். பின்னுக்கும் போகலாம். அதே கோட்டுக்கு வெளியே நிற்கும் இன்னொரு கூட்டாளிக்குப் பந்தைக் கொடுத்து, அவன் உள்ளே போடவும் விடலாம். ஐந்து செக்கனைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். கூடை விழாமல் வேறு காரணத்தால் பந்து வெளியே போனால் மட்டும் நடுவர் காட்டிய இடத்திலேயே நிற்கவேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்த பிள்ளை இரண்டு அடி ஓடினாலே முன்னுக்குக் குதிக்கிறவனும் ஓடவேண்டும். ஓடுகிறவன் குதிக்க முடியாது.

பந்து மூலையில் 9ஆம் இலக்கத்தின் கைக்குப் போனது. வாங்கியதும் தலையைக் குனிந்து தட்டத் தொடங்கினான். வலப்பக்கக் கோடு ஓரமாக ஓடினான். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான், ஓட விட்டார்கள். பாதிக்கோட்டைக் கடந்து ஓர் அடி வைத்ததும் இரண்டு பேர் வந்து பூட்டினார்கள். வலப்பக்கம் எல்லைக் கோடு. பின்னால் பாதிக்கோடு, கடந்த பிறகு திரும்பிப் போனால் பந்து மற்ற அணிக்கு. இரண்டு பக்கம் ஆள், இரண்டு பக்கம் கோடு. மழைக்கு ஒதுங்கப் போனவனை வைத்துக் கதவைச் சாத்தினதுபோல ஆகிவிட்டது. அவன் குதித்தான். ஆகாயத்தில் நின்று யோசித்தான். இறங்குவதற்குள் கொடுத்தாக வேண்டுமே, கொடுத்தான். கடைசியில் காவலுக்கு நின்றவன் தேநீர் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அங்கே இரண்டு புள்ளி. மறுபடி எங்கள் 5ஆம் இலக்கம் போட்டின் அடியில்.

இரண்டாம் பாதியில் இப்படிப் பாதிக்கோட்டுக்கு முன்னாலும் அதைக் கடந்த அடுத்த அடியிலும் பறிபோனவை 9 முக்கோணம். ஐந்து இந்தப் பூட்டில். இரண்டு, உள்ளே போட்ட பந்தையே பிடுங்கியது. ஒன்று ஐந்து செக்கன், ஒன்று எட்டு செக்கனுக்குள் பாதியைக் கடக்காதது.

9ஆம் இலக்கம் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைதான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் ரியூசனுக்குப் போகும் வழியில் சைக்கிளை மறித்தேன். முகம் தொங்கிப்போய் இருந்தது.

“ஐயா, பந்து கையில வந்தவுடன ரெண்டு பேர் பாய்ஞ்சு வாறாங்கள். நான் என்ன செய்யிறது?”

“அவங்கள் வர முன்னம் ஆரைப் பார்த்தனீ?”

“ஒருத்தரையும் பார்க்கேல்லை ஐயா. தட்டத் தொடங்கீட்டன்.”

“மற்ற ஆக்கள் எங்கை நிண்டவை?”

கொஞ்சம் யோசித்தான். “எல்லாரும் எனக்கு முன்னால ஓடீட்டினம்.”

அதுதான் முழு வியாதியும். பழி அந்தப் பிள்ளையின் தலையில் விழுந்தது. அவனைத் தனியே விட்டுவிட்டு மற்ற நாலு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடியதை ஒருவரும் பேசவில்லை. ஒருவனை இரண்டு பேர் மறித்தால் மீதி நாலு பேருக்கு மூன்று பேர்தான் மிச்சம். தபால் கந்தோர்க் கணக்கில்கூட இது விளங்கும். அந்த நாலு பேரும் பந்தைப் பார்த்தபடி, அவன் கை எட்டும் தூரத்தில் நிற்கவேண்டும். பந்தை உள்ளே போட்டவன் போட்டதோடு கடமை முடிந்ததென்று ஓடாமல், அவனுக்குப் பின்னால் ஒரு சாய்வில் நிற்கவேண்டும். பூட்டினால் பின்னால் திருப்பிக் கொடுத்து மற்றப் பக்கத்துக்குக் கடத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒருவன் திடலின் நடுவுக்கு வரவேண்டும். நடுவில் நிற்பவனுக்குக் கோடு எதிரி ஆகாது. அவன் பந்தை வாங்கித் திரும்பினால் அந்த அடைப்பே கிழிந்துவிடும். அதற்கு நெட்டையான பிள்ளை நல்லது, தலைக்கு மேலால் வாங்குவான். எங்களுடைய 12ஆம் இலக்கம் ஆறடிக்கு மேல். அவன் எங்கே நின்றான் தெரியுமா? எதிர்ப்பக்க வளையத்தின் கீழே, ஒரு கையை உயர்த்திக்கொண்டு, இருபது மீற்றர் தள்ளி. உயரம் காணாது என்று எழுதிய அன்பர் இதைக் கவனிக்க வேண்டும். உயரம் இருந்தது, நின்ற இடம்தான் பிழை.

உயரம் பற்றி இன்னும் ஒன்று. 1964இல் அமெரிக்காவில் ஜோன் வூடன் பழக்கிய யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணி 30 ஆட்டம் ஆடி ஒன்றிலும் தோற்காமல் தேசியக் கிண்ணத்தை எடுத்தது. முதல் ஐந்து பேரில் ஆறடி ஐந்து அங்குலத்துக்கு மேல் ஒருவரும் இல்லை. அந்த நாட்டுக் கணக்குக்கு அது கட்டை அணி. அவர்கள் வென்றதற்குப் பெரிய காரணம் இதே இரண்டு-இரண்டு-ஒன்று பிரஸ்தான். கட்டையானவர்கள் நெட்டையானவர்களை அந்தரப்படுத்தக் கையாண்ட வழி அது. அன்று எங்களை அமுக்கிய அணியிலும் எங்கள் 12ஆம் இலக்கத்தை விட உயரமான ஒருவனை நான் காணவில்லை.

இனி எறிகிற விஷயம். பிரஸை வேறு, எறிதலை வேறு என்று பேசுகிறார்கள். என் கொப்பியில் இரண்டும் ஒரே வரியில்தான் வருகின்றன. முக்கோணம், முக்கோணம், புள்ளடி, முக்கோணம், புள்ளடி.

பெடியள் ஒவ்வொரு முறையும் பூட்டில் அகப்படவில்லை. சில முறை அடைப்பை உடைத்து வெளியேயும் வந்தார்கள். அப்படி வந்தால் எதிரே ஒருவன், மிஞ்சினால் இரண்டு பேர். மீதிப் பேர் எல்லாம் பின்னால் மூச்சிரைக்க ஓடி வருகிறார்கள். பிரஸ் போடுகிற அணி ஆடுவது சூது. பின்பக்கத்தைத் திறந்து விட்டுவிட்டு முன்பக்கத்தில் திருடப் பார்க்கிறது. அந்தத் திறந்த பின்பக்கத்தால் வளையத்தடிக்கே ஓடிப்போய் இரண்டு லே-அப் போட்டால் மூன்றாவது முறை பிரஸ் போட அவர்களுடைய பயிற்றுநருக்கே மனம் வராது. எங்கள் 11ஆம் இலக்கம் அந்த இடத்தில் என்ன செய்தான் என்றால், ஓடி வந்த வேகத்தில் மூன்று புள்ளிக் கோட்டில் நின்று எறிந்தான். 6.75 மீற்றர். தெறிக்கும் பந்தை எடுக்க எங்கள் ஆள் ஒருவனும் தயாராக நிற்கவில்லை. தூரத்தால் எறிந்த பந்து பட்டால் தூரத்துக்குத்தான் தெறிக்கும். தெறித்த பந்தை அவர்கள் எடுத்து ஒரே பாஸில் எங்கள் பக்கம் போட்டார்கள். இரண்டு புள்ளி. கூடை விழுந்தபடியால் மறுபடியும் பிரஸ் கட்ட அவர்களுக்கு நேரம் கிடைத்தது. எங்கள் அவசர எறி ஒன்று விழாமல் போகும்போது அதோடு நிற்பதில்லை, அவர்களுக்கு ஒரு கூடையையும் எங்களுக்கு ஒரு பிரஸையும் சேர்த்து வாங்கித் தருகிறது.

த்ரீ எறிவதே பிழை என்று நான் சொன்னதாக யாரும் எழுதிவிட வேண்டாம். கணக்கு எனக்குத் தெரியும். மூன்றில் ஒன்று விழுந்தால் போதும், உள்ளே எறிந்து இரண்டில் ஒன்று விழுவதற்குச் சமம். அன்று ஆட்டம் முழுவதும் எங்கள் பெடியள் உள்ளே 22 எறிந்து 11 போட்டார்கள். எறிக்கு ஒரு புள்ளி. வெளியே 23 எறிந்து 5 போட்டார்கள்; 15 புள்ளி. அந்த 23க்கும் உள்ளே எறிந்ததற்குச் சமமான பலன் வர 8 விழுந்திருக்க வேண்டும். ஆனால் முதற் பாதியில் எறிந்த 6ஐயும் பாருங்கள். நாலு எறி, பந்து உள்ளே 12ஆம் இலக்கத்திடம் போய், அவனை மறிக்க இரண்டு பேர் கூடியதும் வெளியே வந்து, கால் ஊன்றி நின்றவன் எறிந்தது. விழுந்த மூன்றும் அந்த நாலில்தான். இரண்டாம் பாதியின் 17இல் 11 எறி, பாதிக்கோட்டைக் கடந்து ஒரு பாஸோடு அல்லது ஒரு பாஸும் இல்லாமல் எறிந்தது. அதே பிள்ளைகள், அதே கை, அதே வளையம்.

24 செக்கன் கடிகாரத்தைக் கதைக்காமல் இதை முடிக்க முடியாது. பந்து கைக்கு வந்த அணி அந்த நேரத்துக்குள் எறியவேண்டும் என்று எண்ணுவது அது. 1950 நவம்பரில் அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.யில் ஆட்டம் ஒன்று 19க்கு 18 என்று முடிந்தது. முன்னுக்கு நின்றால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் கடத்தினார்கள். சனம் பார்க்க வரமாட்டாது என்று பயந்து 1954இல் 24 செக்கன் கொண்டுவந்தார்கள். டானி பயசோன் என்ற அணி உரிமையாளர் போட்ட கணக்கு அது: 48 நிமிட ஆட்டத்தில் 2880 செக்கன், நல்ல ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து எறிவது 120 அளவில், வகுத்தால் 24. பந்தை வைத்திருப்பவர்களை எறிய வைக்க வந்த கடிகாரம் அது. எங்கள் பெடியளுக்கு அதன் தயவு தேவையே இல்லை, ஆறாவது செக்கனில் எறிந்துவிடுகிறார்கள். பயிற்சித் திடலில் கடிகாரம் இல்லை. 24 செக்கன் எவ்வளவு நீளம் என்று அவர்களுடைய உடம்புக்குத் தெரியாது. நான் வீட்டுக் கிணற்றில் மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன். கப்பியில் ஒரு வாளி ஆறுதலாக இழுத்து, வாழைப் பாத்தியில் ஊற்றி, வாளியைத் திரும்பக் கிணற்றுக்குள் இறக்கிய பிறகும் இரண்டு செக்கன் மிச்சம் இருந்தது. என் வயதில் இது. பதினேழு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேர் அந்த நேரத்துக்குள் ஆறு பாஸ் கொடுக்கலாம்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லவும் கூடாது. கைத்தொலைபேசியில் அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டீபன் கரி த்ரீ எறிவதைப் பார்க்கிறார்கள். பாதிக்கோட்டுக்குக் கிட்ட நின்று எறிகிறார், விழுகிறது, சனம் எழும்புகிறது. அந்த மனிதருக்கு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் விழும், அது உண்மை. நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் விழாது என்பதும் உண்மைதான். ஆனால் விழாததை வெட்டியெடுத்து வீடியோவாகப் போடுவார் யாரும் உண்டா? எங்கள் புள்ளித்தாளைப் போலத்தான் அந்த வீடியோவும்.

அப்புறம் நாங்கள். திடலைச் சுற்றி நிற்கிற பழைய மாணவர்கள். ஒரு பிள்ளை கோட்டடியில் பந்தோடு நின்றால் போதும், “எறி, எறி!” என்று நாலு பக்கத்தாலும் சத்தம். விழுந்தால் பாண்ட் அடிக்கிறோம். ஒரு பிள்ளை எறியாமல் பக்கத்தில் மறிப்பார் இல்லாமல் நிற்பவனுக்குக் கொடுத்தால் ஒரு கைதட்டு இல்லை. மூன்றாம் பகுதியில் 11ஆம் இலக்கம் எறிந்த நாலாவது த்ரீக்கு முதல் “எறியடா!” என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். கொப்பியில் அந்தப் புள்ளடிக்குப் பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டு வைத்திருக்கிறேன்.

பயிற்றுநரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஆனால் மெல்லச் சொல்கிறேன். நல்ல பிள்ளை. வேலை முடிந்து சேர்ட்டைக்கூட மாற்றாமல் ஓடிவந்து, சம்பளம் இல்லாமல் பழக்குகிறவர். ஆனால் இரண்டாம் பாதிக்கு மூன்று ரைம் அவுட் உண்டு. பந்து அந்த நாலு நிமிடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறிபோனபோது ஒன்றுகூட எடுக்கவில்லை. ரைம் அவுட்டைப் பிள்ளைகள் கேட்க முடியாது, பயிற்றுநர் பக்கமிருந்துதான் மேசைக்குக் கேட்டு வரவேண்டும். எதிரணி கூடை போட்ட உடனேயும் எடுக்கலாம். பிரஸை நிறுத்த அதைவிட நல்ல நேரம் இல்லை. ஒரு நிமிடம் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, “5, நீ ஓடு. 12, நீ நடுவுக்கு வா” என்று சொன்னால் காணும். ஆட்டம் முடிந்தபின் புள்ளித்தாளைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து மூன்று பெட்டியில் இரண்டில் கிடைக்கோடு. அவரும் எங்களைப்போல ‘அடுத்த த்ரீ விழுந்தால் சரியாகிவிடும்’ என்று நினைத்திருப்பார். கதிரையில் இருந்து சொல்வது சுகம், எனக்குத் தெரியும்.

இனி என்ன செய்யலாம் என்றால், கூரை கேட்டு மனு எழுதும் அன்பர் எழுதட்டும், நானும் கையெழுத்து வைக்கிறேன். மார்கழி மழையில் சீமெந்துத் திடலில் விழுந்து முழங்கால் உரிந்த பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கூரைக்குக் கோடி வேண்டும். அதுவரை காசில்லாமல் நடக்கக்கூடிய வேலை கிடக்கிறது. பயிற்சியில் எங்கள் ஐந்து பேருக்கு எதிரே ஏழு பேரை விட்டு, பந்தைத் தட்டக்கூடாது, பாஸ் மட்டும் கொடுத்துப் பாதியைக் கடக்க வேண்டும் என்று வைத்தால் ஒரு மாதத்தில் தலை தானாக நிமிரும். ஏழு பேரைக் கடந்தவனுக்கு ஐந்து பேர் வயல்வெளி. எறிவதற்கு, பந்து ஒரு முறையாவது உள்ளே போய் வெளியே வராமல் த்ரீ எறிந்தால் விழுந்தாலும் புள்ளி இல்லை என்று பயிற்சிக்குள் ஒரு சட்டம் போடலாம். கனடாவில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் சென்ற வருடம் இரண்டு செற் ஜேர்சி அனுப்பினார்கள், நல்ல துணி, நன்றி. இந்த முறை இரண்டு 24 செக்கன் கடிகாரம் அனுப்பினால் பிள்ளைகளுக்கு இன்னும் உதவும். அது வரும்வரை கிணற்று வாளிக் கணக்கில் நானே ஓரத்தில் நின்று எண்ணத் தயார்.

கொப்பியின் அந்த நாலு பக்கத்தையும் போட்டோக்கொப்பி எடுத்துச் சனிக்கிழமை பயிற்றுநரிடம் கொடுத்தேன். அங்கேயே நின்று வாசித்தார். 17க்கு 2 என்ற இடத்தில் விரலை வைத்து, “ஐயா, இவ்வளவா?” என்று கேட்டார். ஓம் என்றேன். மடித்துச் சேர்ட் பையில் வைத்துக்கொண்டு, 5ஆம் இலக்கத்தைக் கூப்பிட்டு எல்லைக் கோட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கொப்பியில் புதுப் பக்கம் திருப்பினேன். பெடியன் முதல் இரண்டு முறையும் போட்டின் அடியிலேயே நின்றான். மூன்றாவது முறை இடப்பக்கம் ஓடினான்.

இப்படிக்கு,
பழைய புள்ளிக்காரன்,
கொக்குவில்.